வெள்ளை நாயின் செவி

அண்ணன் மகள் பிரான்சில் இருக்கிறாள். பாகூர் கொம்யூனில் எங்கள் பிள்ளையார்குப்பம் போன்ற ஊர்களில் இது வியப்புக்குரிய செய்தியன்று. தாத்தா காலத்துச் 'சொல்தா' உத்தியோகத்தின் புண்ணியத்தால் வீட்டுக்கொருவர் அங்கே உண்டு. சென்ற பொங்கலுக்கு வந்திருந்தவள், தான் வளர்க்கும் சைபீரியப் பூனையின் படங்களைக் கைப்பேசியில் காட்டினாள். சிங்கத்தின் பிடரிபோலக் கழுத்தைச் சுற்றி அடர்ந்த மயிர், மூன்றடுக்கு உரோமம், உருண்டைக் கண்கள். படங்களைக் காட்டிலும் என்னை ஈர்த்தது அப்பூனையோடு வந்த காகிதம்தான். நான்கு தலைமுறை முன்னோரின் பெயர்கள், அவை கண்காட்சிகளில் பெற்ற பட்டங்கள், இதயத் தசை தடித்துப்போகும் நோய் பெற்றோருக்கு இல்லை என்பதற்கான மீயொலிச் சோதனைச் சான்று ஆகிய எல்லாம் அதில் இருந்தன.

"இவன் அப்பன் சாம்பியன், சித்தப்பா. ஆனா அந்த ஹார்ட் டெஸ்ட் இல்லாம இருந்திருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேன்" என்றாள்.

பிறகு திண்ணையில் படுத்திருந்த எங்கள் வெள்ளையனைப் பார்த்து, "இவனுக்கு என்ன பேப்பர் இருக்கு?" என்று கேட்டாள். வெள்ளையனுக்கும் ஒரு காகிதம் உண்டு. அதில் சாம்பியனும் உண்டு, சோதனை மட்டும் இல்லை. அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

சைபீரியப் பூனை பழைய விலங்கு. ஆனால் சைபீரியப் பூனை 'இனம்' மிகப் புதியது. உருசியக் குளிரில் வீடுகளிலும் பண்ணைகளிலும் எலி பிடித்துத் திரிந்த நீள்மயிர்ப் பூனைகளுக்கு இலக்கணம் எழுதப்பட்டது 1980களின் இறுதியில், சோவியத் ஒன்றியத்தில் பூனைச் சங்கங்கள் தோன்றிய பிறகுதான். 1990-இல் அமெரிக்காவுக்குச் சென்றது. அதன்பின் பன்னாட்டுச் சங்கங்கள் ஒவ்வொன்றாக அதை ஏற்றுக்கொண்டன. விலங்கு முன்னே, இலக்கணம் பின்னே. தமிழாசிரியனாகிய எனக்கு இதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. இலக்கியத்துக்குப் பின்னரே இலக்கணம் என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லி வருகிறேன் அல்லவா?

ஆனால் இலக்கணம் எழுதப்பட்ட பிறகு விலங்கு பழையபடி இருப்பதில்லை. அங்கேதான் சிக்கல்.

*

பரிசுக்காக விலங்குகளை அழகு பார்த்து நிறுத்தும் வழக்கம் இங்கிலாந்தில் உருப்பெற்றது. 1859-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூகாசில் நகரில் நடந்த நாய்க் கண்காட்சியையே இன்றைய முறைக்குத் தொடக்கமாகக் கொள்கிறார்கள். பாயிண்டர், செட்டர் என்னும் இரண்டே வகை வேட்டைநாய்கள் கலந்துகொண்டன. வென்றவர்களுக்குப் பரிசு துப்பாக்கி. அதாவது, அப்போதும் நாய் வேட்டையோடு சேர்த்தே நினைக்கப்பட்டது. 1873-இல் இலண்டனில் கென்னல் கிளப் தோன்றியது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னதாக, 1871 ஜூலை 13 அன்று, ஓவியர் ஹாரிசன் வேயர் கிரிஸ்டல் பேலஸ் மண்டபத்தில் பூனைகளுக்கும் ஒரு கண்காட்சியை நடத்திவிட்டார். கொஞ்ச காலத்துக்குள்ளேயே துப்பாக்கி போய் வெள்ளிக் கோப்பை வந்தது. ஓடும் திறமை போய் நிற்கும் திறமை வந்தது.

நியூகாசில் கண்காட்சி நடந்த அதே 1859-இல்தான் டார்வினின் உயிரினங்களின் தோற்றம் நூலும் வெளிவந்தது. நீலக்கண் உடைய பூனைகள் செவிடாக இருப்பதைப் பற்றிய குறிப்பு அந்நூலின் முதல் இயலிலேயே வருகிறது. ஓர் உறுப்பில் ஏற்படும் மாற்றம் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் இன்னோர் உறுப்பையும் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு அவர் காட்டிய சான்று அது. வாசகர்கள் இக்குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

*

நம்மிடம் இத்தகைய சான்றிதழ்கள் இருந்தனவா? இருந்தன. காகிதத்தில் அன்று, கல்லில்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பகுதி நடுகற்களுக்குப் பேர்போனது. அங்கே எடுத்தனூர் என்னும் ஊரில் ஒரு நடுகல். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 7-ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் எருமைகளைக் கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்டதை அது கூறுகிறது. வீரனருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. கல்லெழுத்து அந்த நாயின் பெயரையும் தருகிறது: கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதையும் சொல்கிறது.

அவ்வளவுதான். கோவிவன் என்ன நிறம், காது மடிந்ததா நிமிர்ந்ததா, வால் எப்படி வளைந்தது என்பது குறித்து ஒரு சொல்லும் இல்லை. எத்தனை கள்வர் என்ற கணக்கு மட்டும் இருக்கிறது. பல்லவ நாட்டில் எத்தனையோ மனிதர்கள் பெயர் தெரியாமல் மறைந்து போயினர். ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிற்கிறது. முதன்முறை அந்தக் கல்வெட்டு வாசகத்தைப் படித்தபோது நூலகத்தில் எழுந்து சற்று நேரம் உலாவிவிட்டு வந்தேன்.

இன்னொரு கல் கன்னட நாட்டில், ஆதகூரில் இருந்தது. இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் கதை நம் தமிழ் மண்ணிலிருந்தே தொடங்குகிறது. 949-இல் தக்கோலத்தில் நடந்த போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர்துறந்தான் என்பது வரலாறு படித்தோர் அறிந்தது. வென்றவன் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன். அவன் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகனின் வீரன் மணலேரன் என்பவன் அப்போரில் காட்டிய துணிவைக் கண்டு மகிழ்ந்த பேரரசன், வேண்டுவதைக் கேள் என்றானாம். மணலேரன் கேட்டது பொன்னையன்று. அரசனிடமிருந்த காளி என்னும் வேட்டைநாயை. பின்னொரு நாள் ஒரு பெருங்காட்டுப்பன்றியின் மேல் காளி ஏவப்பட்டது. பன்றியும் நாயும் ஒன்றையொன்று கொன்று வீழ்ந்தன. அதற்காகக் கோயில் முன்னே கல் நட்டு, நிலம் விட்டு, அந்தக் கல்லுக்கு வழிபாடு செய்யாமல் பூசகர் உணவு கொள்ளலாகாது என்றும் விதித்தார்கள். கல்லில் நாயும் பன்றியும் பொருதும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. சோழப் பேரரசின் தலைவிதியை மாற்றிய தக்கோலப் போர் பற்றிய முதன்மைச் சான்றுகளுள் ஒன்று ஒரு நாயின் நினைவுக்கல் என்பதை வரலாற்றுப் பாடநூல்கள் ஏனோ அழுத்திச் சொல்வதில்லை.

சங்க இலக்கியத்திலும் நாய் வேட்டுவனோடு சேர்ந்தே வருகிறது. புறநானூற்றில் ஒரு வேட்டுவன் மான்தசையைக் கொண்டுவந்து கொடுத்து நெல் பெற்றுப் போகிறான். அவனுக்குரிய அடைமொழியே சினமிக்க நாயை உடையவன் என்பதுதான். 'ஞமலி' என்பது பூழிநாட்டாரின் திசைச்சொல் என்று உரையாசிரியர்கள் சொல்கிறார்கள். தொல்காப்பிய மரபியல் நாய்க்குட்டியைக் 'குருளை' என்கிறது; பெண்நாயைப் 'பாட்டி' என்கிறது. இந்த நூற்பாவை நடத்தும் நாளில் வகுப்பில் எழும் சிரிப்பை இருபதாண்டுகளாகக் கேட்டு வருகிறேன், ஒருமுறையும் தப்பியதில்லை. பெயர் இத்தனை இருந்தும் 'வெள்ளை நாய் உயர்ந்தது' என்று சொல்லும் மரபு எதுவும் அந்நூல்களில் என் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை.

*

வெள்ளை எங்கே வந்தது? இராசபாளையத்தில்.

விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர் அது. விசயநகர ஆட்சியைத் தொடர்ந்து தெலுங்குப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் வளர்த்துப் பேணிய நாய் என்று சொல்லப்படுகிறது. உயரம் 65 முதல் 75 செ.மீ. வரை. ஆழ்ந்த மார்பு, ஒடுங்கிய வயிறு, நீண்ட கால்கள், பால்வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண். மலையடிவாரத்துக் காட்டுப்பன்றியை மறித்து நிறுத்துவது அதன் தொழில். காளியின் தொழிலும் அதுவே. பாளையக்காரர் போர்களில் வெள்ளையரின் குதிரை லாயங்களுக்குள் புகுந்து தாக்கியதாகவும் கதை உண்டு. கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வோம்.

அதன் குணம் பற்றி வளர்த்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசுவார்கள். ஒருவனுக்கு மட்டுமே கட்டுப்படும், அயலாரைத் தொடவிடாது, தடவிக் கொடுத்தால் வாலாட்டிக் குழையாது. மற்ற நாய்களைப்போலப் பந்தை எடுத்துவரச் சொன்னால், 'நீயே போய் எடுத்துக்கொள்' என்பதுபோல் பார்க்கும். கண்காட்சி மேடைக்கு இந்தக் குணம் ஒத்துவராது. அங்கே முன்பின் தெரியாத நடுவர் வந்து வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், முதுகை அழுத்துவார், இடுப்பைத் தடவுவார். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் மற்ற நாய்களுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். அல்சேஷனும் லாப்ரடாரும் கோப்பைகளை அள்ளிக்கொண்டு போன அரங்குகளில் நம் நாய்கள் நெடுங்காலம் ஓரத்திலேயே நின்றன. இத்தனைக்கும் இந்தியக் கென்னல் கிளப்பின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது.

1972-இல் வந்த வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. தேவையான சட்டம், அதில் ஐயமில்லை. ஆனால் அதனால் இராசபாளையம் நாய்க்கு வேலை போயிற்று. வேலை இருந்தவரை தேர்வு காட்டில் நடந்தது: காது கேளாத நாயைப் பன்றி கிழித்துவிடும், மூச்சு போதாத நாய் பின்தங்கிவிடும். வேலை போனபின் தேர்வு முற்றத்தில் நடந்தது. அங்கே பார்ப்பவை நிறமும் உயரமும் மூக்கின் சிவப்பும். ஈற்றில் பழுப்பாகவோ கறுப்பாகவோ ஒரு குட்டி விழுந்தால் 'கலப்பு' என்று பெயர் வந்துவிடுமே என்று அஞ்சி, பிறந்தவுடன் அதை இல்லாமல் ஆக்கிவிடும் வழக்கமும் பரவியது. வேட்டைநாய் வரலாற்றில் ஆர்வமுள்ளோர் சு. தியடோர் பாஸ்கரனின் இந்திய நாய்கள் பற்றிய ஆங்கில நூலை (2017) அவசியம் படிக்க வேண்டும். அஞ்சல்துறையில் உயர்பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர் அவர். அந்த அஞ்சல்துறைதான் 2005 சனவரி 9 அன்று நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அவற்றுள் இராசபாளையமும் ஒன்று. என்னிடமும் ஒன்று இருக்கிறது. தலையில் காது அழகாக மடிந்திருக்கிறது.

அந்தக் காதுக்குள் நடப்பதை இனிச் சொல்ல வேண்டும்.

தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் செல்கள் தோலில் மட்டும் இருப்பவை அல்ல. உட்செவியில் நத்தைக்கூடு போன்ற உறுப்பின் சுவரிலும் அவை இருக்கின்றன. அங்குள்ள நீர்மத்தின் உப்புச் சமநிலையைக் காப்பதில் அவற்றுக்குப் பங்குண்டு. நிறச்செல்கள் அங்கே போய்ச் சேராவிட்டால் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் மடிந்துவிடும். நாய்க்குட்டிக்குப் பிறக்கும்போது காது மூடியிருக்கும். இரண்டு வாரத்தில் திறக்கும். திறந்த சில நாட்களிலேயே, உலகத்தின் ஓசைகளைக் கொஞ்சம் கேட்டும் கேளாமலும், செவி அணைந்துபோகும். எல்லா வெள்ளை நாய்க்கும் இது நேர்வதில்லை. ஆனால் வெள்ளையோடு வெள்ளையை, அதுவும் நெருங்கிய உறவுக்குள்ளேயே, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக்கொண்டு போனால் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். புள்ளிகள் உடைய டால்மேஷன் நாய்க்கும் இதே நோய்தான். டார்வின் பூனையில் கண்டது இதன் உடன்பிறப்பு. மேலைநாடுகளில் குட்டியின் தலையில் மெல்லிய மின்வாய்களைப் பொருத்தி, ஓசைக்கு மூளைத்தண்டு மறுமொழி தருகிறதா என்று பார்த்து, செவிட்டு நாய்களை இனப்பெருக்கத்திலிருந்து விலக்குகிறார்கள்.

*

வெள்ளையன் எங்கள் வீட்டுக்கு வந்தது 2018-இல். சல்லிக்கட்டுக்காக 2017 சனவரியில் மெரினாவில் கூடிய கூட்டத்துக்குப் பிறகு, நாட்டு மாடு, நாட்டுக் கோழி, நாட்டு நாய் என்று எங்கும் பேச்சாயிருந்த காலம். நானும் அந்த அலையில் நனைந்தவன்தான், மறுக்கவில்லை. தெற்கே ஒரு வளர்ப்பாளரிடம் முன்பணம் கட்டி, கல்லூரி விடுமுறையில் பேருந்தில் போய் வாங்கி வந்தேன். தந்தை நாய் வாங்கிய பதக்கங்களைச் சுவரில் வரிசையாக மாட்டி வைத்திருந்தார். நான் பதக்கங்களைப் பார்த்தேன். குட்டியைப் பின்னாலிருந்து ஒருமுறை கைதட்டிக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை.

அந்த ஆண்டுத் தீபாவளிக்குத் தெருவே அதிர்ந்தது. எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தது. வெள்ளையன் திண்ணையில் நீட்டிப் படுத்து உறங்கினான். "பார்த்தீர்களா, பாளையக்காரர் நாய்! வெடிக்கெல்லாம் அஞ்சுமா?" என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். என் மனைவிதான் மறுநாள் சமையற்கட்டில் பாத்திரம் கைதவறி விழுந்தபோது அவனைக் கவனித்திருக்கிறாள். "அவன் வீரன் இல்லீங்க. அவனுக்குக் காது கேக்கல" என்றாள். கால்நடை மருத்துவர் அவன் முதுகுக்குப் பின்னே எஃகுத் தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, உறுதிசெய்துகொள்ள வேறு சோதனையும் சொன்னார். அதற்குத் தேவையிருக்கவில்லை.

வளர்ப்பாளரிடம் தொலைபேசியில் சொன்னேன். குட்டியை மாற்றித் தருவதாகச் சொன்னார். மாற்றினால் இவனை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை. நானும் மீண்டும் கேட்கவில்லை. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பால்வெள்ளைதான் வேண்டுமென்று பணம் கொடுத்தவன் நான். வாங்குபவன் கேட்காத சோதனையை விற்பவன் எதற்குச் செய்யப்போகிறான்?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1980-களின் தொடக்கத்தில் தமிழக அரசு சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்றைத் தொடங்கி இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை நாய்களை வளர்த்தது. பராமரிப்புப் பற்றிக் கடுமையான புகார்கள் எழுந்து, 2016-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை மூடச் சொன்னது. 2017-இல் நாய் இனப்பெருக்கத்துக்கென மத்திய அரசு விதிகள் வகுத்தது. 2020-இல் கர்னாலில் உள்ள விலங்கு மரபுவளப் பணியகம் இராசபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் இனங்களாகப் பதிவு செய்தது. 2024-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் வெப்பத்துக்கு ஒவ்வாத சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்றவற்றை இங்கே பெருக்கலாகாது என்றும், நாட்டு நாய்களை ஊக்குவிக்க வேண்டும் என்றும் சொன்னது. (கடலூர் எல்லை எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். மதுவுக்கும் பெட்ரோலுக்கும் இங்கே ஒரு சட்டம் அங்கே ஒரு சட்டம் என்று பழகிப்போன எங்களுக்கு ஹஸ்கிக்கும் அப்படியா என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது.) பதிவேடுகள் எல்லாம் நல்லவையே. அவற்றில் நிறத்துக்கும் உயரத்துக்கும் உள்ள கட்டத்தின் பக்கத்தில் 'செவி' என்று ஒரு கட்டம் கட்டாயமாக இருக்கவேண்டும் என்பதே என் கட்சி. பழுப்பாய்ப் பிறந்த குட்டியும் உயிரோடு இருக்கவேண்டும். அந்தக் குட்டிகளின் குருதியில்தான் இழந்த நிறச்செல்கள் இன்னும் மிச்சம் இருக்கின்றன.

அண்ணன் மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ இவனை எப்படிக் கூப்பிடுறீங்க, சித்தப்பா?" என்றாள்.

காட்டினேன். தரையைக் காலால் இரண்டுமுறை மிதித்தால் போதும். சிமெண்ட் தளத்தின் அதிர்வு அவன் வயிற்றுக்குப் போய்விடும். மண்தரையில் அது எடுபடாது. அதனால் கொல்லைப்பக்கம் போகும்போது யாரேனும் அவன் கண்ணில் படும்படி கூடவே நடக்கிறோம். கடலூர் சாலைப் பக்கம் ஒருநாளும் விட்டதில்லை. பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடுவான் என்பதால் தெருப்பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். ஆள் வந்தால் அவனுக்குத் தெரியாது. ஆனால் எங்கள் தெருவில் ஒரு செவலை நாய் உண்டு. எந்தக் காகிதமும் இல்லாதது. அரை வேளைச் சோறு எங்கள் வீட்டில், அரை வேளை பக்கத்து வீட்டில். சில ஆண்டுகளாக அது வெள்ளையனை ஒட்டியே படுக்கிறது. வாசற்கதவு திறக்கும் ஓசைக்கு அது சட்டென்று எழும். அது எழும் அசைவில் இவன் எழுவான். எழுந்து, அது பார்க்கும் திசையைப் பார்த்து, அதைவிட உரக்கக் குரைப்பான்.